நாற்பத்திரண்டு என்னும் எண்: ஆடை, காலணி அளவுகளின் வரலாறு

மனிதன் முதன்முதலில் கையாண்ட அளவுகோல் அவன் உடம்புதான். நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் செய்த எண்சுவடியில், எட்டு எள் ஒரு நெல், எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம் என்று நீட்டலளவை வாய்பாடு வரும். தானியத்தில் தொடங்கி உடம்பில் முடிகிற அளவு அது. இதே எண்ணம் பல்லாயிரம் மைல் தள்ளி இங்கிலாந்திலும் இருந்திருக்கிறது. அங்கே நெல் விளையாது, பார்லி விளையும். ஆகவே மூன்று பார்லி மணிகளை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் ஓர் அங்குலம் என்று அவர்கள் வகுத்தார்கள். நம்முடைய நெல் அளவு ஏட்டோடு போய்விட்டது. அவர்களுடைய பார்லி மணி மட்டும் சாகவில்லை. உங்கள் வீட்டு வாசலில் கழற்றிப் போட்டிருக்கும் செருப்பின் அடியில் 7, 8, 9 என்று ஓர் எண் இருக்கிறதே, அந்த எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

சங்க மலரில் கல்வெட்டையும் இலக்கியத்தையும் ஆராய்ந்து எழுதும் அறிஞர் பெருமக்கள் பலர் இருக்கிறார்கள். நான் கல்லூரி வாசலை மிதிக்காதவன். மும்பைக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ரெடிமேட் துணி வியாபாரம் செய்பவன். படித்ததெல்லாம் கடையை அடைத்த பிறகு படித்ததுதான். ஆனால் பொங்கல் விழாவுக்கோ ஆண்டு விழாவுக்கோ வந்தால், என்னைப் பிடித்து நிறுத்தி, "நயினாரே, லண்டன் சைஸ் 8 என்றால் நம்ம ஊர்ல என்ன சைஸ்? சீனாவிலிருந்து 40 நம்பர் ஷூ வரவழைக்கலாமா? பொண்ணு அமெரிக்கச் சட்டைக்கு ஆர்டர் போட்டிருக்கா, மீடியம் சரியா இருக்குமா?" என்று கேட்காதவர் குறைவு. ஒவ்வொருவருக்கும் நின்றுகொண்டே பதில் சொல்லி முடியாது. பட்டியலைப் பார்த்துச் சொல்வதும் பயன்படாது, ஏனென்றால் இரண்டு பட்டியல்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அது தெரிந்தால் பட்டியலே பாதி தேவைப்படாது.

முதலில் ஒரு புதிர். 42 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடையில் விற்கும் முழுக்கைச் சட்டையின் கழுத்தில் 42 என்று இருந்தால், அது பெரும்பாலும் காலரின் சுற்றளவு, சென்டிமீட்டரில். அதே 42 ஆங்கிலேயர் கோட்டில் இருந்தால் மார்பின் சுற்றளவு, அங்குலத்தில். ஐரோப்பிய ஷூவில் இருந்தால் அது சென்டிமீட்டரும் இல்லை, அங்குலமும் இல்லை, வேறொரு கணக்கு. இத்தாலியிலிருந்து வரும் பெண்கள் கவுனில் 42 இருந்தால், அது இங்கிலாந்துக் கணக்கில் 10, அமெரிக்கக் கணக்கில் 6, ஜெர்மனிக் கணக்கில் 36, பிரெஞ்சுக் கணக்கில் 38. ஓர் எண்ணுக்கு இத்தனை பொருள் இருந்தால் வாங்குகிறவர் என்ன செய்வார்?

நம்மவர்க்கு இந்தத் தொல்லை நெடுங்காலம் இல்லை. காரணம் எளிது. நாம் உடுத்தியது, போர்த்தியது, சுற்றியது. நாலு முழம், எட்டு முழம் என்று வேட்டிக்கு நீளம் உண்டு. பதினெட்டு முழம் என்று சேலைக்கு நீளம் உண்டு. ஆனால் உடுத்துகிறவருக்கு அளவெண் கிடையாது. ஒல்லியானவருக்கு ஒரு கொசுவம் கூடும், தடித்தவருக்கு ஒன்று குறையும். தாயின் சேலையை மகள் கட்டலாம், மகளின் சேலையைத் தாய் கட்டலாம். கத்தரியும் ஊசியும் நுழைந்த பிறகும் நம் தையற்காரர் ஆளைப் பார்த்துத்தான் தைத்தார். "பழைய ரவிக்கை ஒண்ணு அளவுக்குக் கொடுங்க" என்று கேட்பாரே ஒழிய, எண் கேட்க மாட்டார். அளவெண் என்பது, வாங்குகிறவரை முன்பின் பார்க்காமல் தைத்து விற்கும் வியாபாரத்துக்காகப் பிறந்தது. பார்க்காத ஆளுக்கு விற்க வேண்டுமென்றால் அந்த ஆளை ஓர் எண்ணாக மாற்றியாக வேண்டும்.

பார்லி மணியும் பாரிஸ் புள்ளியும்

செருப்பு வியாபாரம் எங்கள் வகுப்பில் வழக்கமில்லை. தோல் என்றால் சமண வீடுகளில் ஒதுங்கிப் போவோம். நானும் கான்வாஸ், ரப்பர் வரைக்கும்தான் வைத்து விற்றிருக்கிறேன். ஆனால் அளவெண்களின் கதையில் சுவையான பகுதி காலணிதான், அதை ஒதுக்க முடியாது.

1324ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னன் இரண்டாம் எட்வர்ட் செருப்பு அளவைச் சட்டமாக்கினான் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அந்த மன்னன் பெயரால் சொல்லப்படும் விதி அங்குலத்தைப் பற்றியது, செருப்பைப் பற்றியது அன்று. செருப்புத் தைப்போர் தங்களுக்குள் ஓர் அளவு முறையை ஒத்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று 1688இல்தான் கிடைக்கிறது. ராண்டில் ஹோம் என்பவர் அவ்வாண்டு வெளியிட்ட நூலில், கால் அங்குலத்துக்கு ஒரு படி என்று குறித்திருக்கிறார். பின்னர் அந்தப் படி மூன்றில் ஒரு அங்குலமாக, அதாவது ஒரு பார்லி மணியாக, நிலைபெற்றது. இன்றைய கணக்கில் 8.47 மில்லிமீட்டர்.

ஆங்கில முறை எப்படி எண்ணுகிறது என்று பாருங்கள். ஒரு கையகலம், அதாவது நான்கு அங்குலம், சுழியம். அதிலிருந்து ஒவ்வொரு பார்லி மணிக்கும் ஒவ்வோர் எண். குழந்தைகளுக்கு 13 வரை போகும். அதற்கு மேல் 14 வராது. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். அதுதான் பெரியவர் வரிசை. ஆகவே ஒரே எண்ணில் இரண்டு செருப்பு உண்டு. குழந்தை வரிசையின் 1 என்றால் அச்சு நீளம் சுமார் 11 சென்டிமீட்டர். அடுத்த வரிசையின் 1 என்றால் சுமார் 22 சென்டிமீட்டர், சரியாக இரட்டை. எங்கள் கட்டடத்தில் ஒரு அம்மா பத்து வயதுப் பையனுக்கு வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் 1ஆம் எண் ஷூ கேட்டு, கைக்குழந்தைக்குப் போடுவது வந்து சேர்ந்தது. அந்த விற்பனையாளர் வரிசையைக் குறிக்காமலே எண்ணை மட்டும் போட்டு வைத்திருந்தார். திருப்பி அனுப்பும் செலவு ஷூவின் விலைக்கு மேல் என்றதும் அந்த அம்மா அதைப் பொம்மைக்குப் போட்டுவிட்டார்.

பெரியவர் கணக்கை ஒரே வரியில் சொல்லலாம். அச்சின் நீளத்தை அங்குலத்தில் எடுத்து, மூன்றால் பெருக்கி, 25ஐக் கழித்தால் ஆங்கில எண். அந்த 25 எங்கிருந்து வந்தது? நான்கு அங்குலத்துக்குப் பன்னிரண்டு பார்லி மணி, குழந்தை வரிசைக்குப் பதின்மூன்று, ஆகக் கூடி இருபத்தைந்து. அமெரிக்கர்கள் ஆங்கில முறையையே எடுத்துக்கொண்டு தொடங்குமிடத்தை நகர்த்திவிட்டார்கள். ஆண்களுக்கு ஆங்கில எண்ணோடு ஏறத்தாழ ஒன்று கூட்ட வேண்டும். பெண்களுக்குத் தனி வரிசை வைத்திருக்கிறார்கள். அதில் ஏறத்தாழ இரண்டு கூட்ட வேண்டும். அரை எண்களும் அகல அளவுகளும் கொண்ட பட்டியலை நியூயார்க்கைச் சேர்ந்த எட்வின் சிம்சன் 1880இல் வகுத்தார் என்பர். 1920களில் சிராகியூஸ் நகரத்து சார்லஸ் பிரான்னக் என்பவர் காலை வைத்து அளக்கும் உலோகத் தட்டு ஒன்றைச் செய்தார். நீளம், அகலம் இரண்டையும் காட்டும் அந்தத் தட்டு அமெரிக்கக் கடைகளில் இன்றும் கிடக்கிறது.

பிரெஞ்சுக்காரர் வழி தனி. மீட்டரைப் பெற்றெடுத்த நாடு அல்லவா? அவர்களுக்குப் பார்லி மணி ஒத்துவரவில்லை. ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு படியாக வைத்தார்கள். அதற்குப் 'பாரிஸ் புள்ளி' என்று பெயர்; 6.67 மில்லிமீட்டர். சுழியத்திலிருந்து நேராக எண்ணுவார்கள், குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே ஏணி. அச்சு நீளத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து ஒன்றரையால் பெருக்கினால் ஐரோப்பிய எண் வந்துவிடும். ஆக ஷூவில் 42 என்றால் 28 சென்டிமீட்டர் அச்சு. முதலில் கேட்ட புதிரில் ஒரு கண்ணி அவிழ்ந்தது.

இங்கேதான் பட்டியல்கள் ஏன் ஒத்துப்போவதில்லை என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. ஓர் ஏணியின் படி 8.47 மி.மீ., இன்னோர் ஏணியின் படி 6.67 மி.மீ. இரண்டையும் பக்கத்தில் சாத்தி வைத்தால் படிகள் எப்போதாவதுதான் நேர்க்கோட்டில் வரும். மற்ற இடங்களிலெல்லாம் பட்டியல் போடுகிறவர் மேலே தள்ளுவார் அல்லது கீழே தள்ளுவார். ஒரு கம்பெனி ஆங்கில 7ஐ 40 என்கும், இன்னொன்று 41 என்கும். இரண்டும் பொய் இல்லை, இரண்டும் முழு மெய்யும் இல்லை.

இன்னொரு நுட்பம். இந்த மூன்று முறைகளும் காலை அளக்கவில்லை. செருப்பு வார்க்கும் அச்சுக்கட்டையை அளக்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இதை 'லாஸ்ட்' என்றே சொல்வார்கள். காலைவிட அச்சு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளமாக இருக்கும், விரல் அசைய இடம் வேண்டுமே. முனை கூர்மையான ஷூவுக்கு இன்னும் கூட வேண்டும். எவ்வளவு கூட்டுவது என்பது தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறும். காலை அப்படியே எண்ணாக்கும் முறை ஒன்று உண்டு. உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 9407ஆம் எண் தரம் அது, 'மாண்டோபாயிண்ட்' என்று பெயர். பாதத்தின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரிலேயே எழுதிவிடுவது. படைவீரர்களின் பூட்ஸுக்கும் பனிச்சறுக்கு பூட்ஸுக்கும் இதுதான் வழங்குகிறது. ஜப்பானியர் பாதத்தைச் சென்டிமீட்டரில் எழுதுகிறார்கள், கொரியரும் சீனரும் மில்லிமீட்டரில். என்னைக் கேட்டால் ஆசியர் செய்ததுதான் அறிவுடைய காரியம். ஆனால் சீன விற்பனையாளர்கள் ஐரோப்பிய எண் போலத் தோன்றும் ஒன்றையும் கூடப் போடுவார்கள். அது வேறு கணக்கு: பாத நீளத்தைச் சென்டிமீட்டரில் இரட்டித்துப் பத்தைக் கழிப்பது. 250 மில்லிமீட்டர் என்றால் 40.

25 சென்டிமீட்டர் பாதம் உள்ள ஒருவரை வைத்துப் போட்டுப் பார்ப்போம். விரலுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் விட்டால் அச்சு 26.5. ஒன்றரையால் பெருக்கினால் 39.75, ஐரோப்பிய 40. அங்குலமாக்கினால் 10.43, மூன்றால் பெருக்கி 25ஐக் கழித்தால் 6.3, ஆங்கில 6 அல்லது ஆறரை. அமெரிக்க ஆண்கள் எண் 7 அல்லது ஏழரை. பெண்ணாக இருந்தால் 8 அல்லது எட்டரை. ஜப்பானில் 25, கொரியாவில் 250, சீனாவில் 250 அல்லது 40. ஒரே காலுக்கு இத்தனை பெயர்!

போர்வீரனின் மார்பும் பெண்ணின் இடுப்பும்

துணிக்கு வருவோம், இது என் சொந்தத் தொழில். தையற்காரர் கழுத்தில் தொங்கும் அங்குல நாடா பழங்காலத்தது என்று நினைப்போம். அப்படியில்லை. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு காகிதப் பட்டை வைத்து, தோள் இது, இடுப்பு இது என்று அதில் வெட்டுக் குறி போட்டு வைத்துக்கொள்வார்கள். எண்கள் அச்சிட்ட நாடா வந்தபோதுதான் ஒருவர் உடம்பையும் இன்னொருவர் உடம்பையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

ஆண்கள் ஆடைக்கு அளவெண் கொடுத்தது போர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1861 முதல் 1865 வரை, இலட்சக்கணக்கானவர்களுக்குச் சீருடை தைக்க வேண்டி வந்தது. வீரர்களின் மார்பு, உயரம் முதலியவற்றை எடுத்துப் பார்த்தால், இன்ன மார்புக்கு இன்ன இடுப்பு, இன்ன கை நீளம் என்று ஒரு விகிதம் திரும்பத் திரும்ப வந்தது. போர் முடிந்ததும் அந்தக் கணக்கு கடைக்கு வந்துவிட்டது. ஆண்களின் கோட்டில் மார்பு அங்குலம் இன்றுவரை அப்படியே நிற்கிறது. ஐரோப்பியர் மார்புச் சுற்றைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பாதியாக்குவார்கள். 40 அங்குல மார்பு ஏறத்தாழ 100 சென்டிமீட்டர், பாதி 50. ஆகவே ஆங்கில எண்ணோடு பத்தைக் கூட்டினால் ஐரோப்பியக் கோட்டு எண். கோட்டு வாங்குகிறவர்க்கு இந்த ஒரு கணக்கு போதும்.

பெண்கள் ஆடையின் கதை இப்படி நேராக இல்லை, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் தபால் மூலம் துணி விற்ற கம்பெனிகளுக்கு, அளவு சரியில்லை என்று திரும்பி வரும் பொருள்களால் பெரும் நஷ்டம். (இன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் படும் பாடு அன்றே தொடங்கிவிட்டது.) ஆகவே அரசே முன்வந்து 1939, 1940இல் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் இருவரும் நடத்திய அந்த ஆய்வு 1941இல் வெளிவந்தது. ஒரு பெண்ணுக்கு எடை உட்பட 59 அளவுகள் எடுத்தார்கள். இவ்வளவு பெரிய உழைப்பு அதற்கு முன் நடந்ததில்லை.

ஆனால் கணக்கில் யார் சேர்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும். வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகள் கணக்கிலிருந்து ஒதுக்கப்பட்டன. அளக்க வந்தவர்களுக்குச் சிறு தொகை கொடுத்ததால் அந்தப் பணம் தேவைப்பட்டவர்களே அதிகம் வந்தார்கள். அந்தப் புள்ளிவிவரத்தை வைத்து 1958இல் ஓர் அரசுத் தரம் வந்தது. 1970இல் அதைத் திருத்தினார்கள், 1983இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அமெரிக்காவில் பெண்கள் ஆடை எண்ணுக்கு யாரையும் கட்டுப்படுத்தும் விதி இல்லை.

விதி இல்லாத இடத்தில் வியாபாரி என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும், நானும் வியாபாரிதானே. வருகிறவர் மனம் குளிர வேண்டும். 14 போட்டவருக்கு 12 சரியாக இருக்கிறது என்றால் மகிழ்ந்து வாங்குவார். இப்படியே எண் கீழே இறங்கியது, துணி பெரிதாகியது. 1937இல் சியர்ஸ் கம்பெனியின் விலைப்பட்டியலில் 32 அங்குல மார்புள்ள கவுன் 14ஆம் எண். 1967இல் அதே மார்பு 8ஆம் எண் ஆயிற்று. 2011இல் அது சுழியம். பெண் மாறவில்லை, துணி மாறவில்லை, எண் மட்டும் பதினான்கு படி இறங்கிவிட்டது. இதைத் தெரிந்துகொண்டால், "எனக்கு எக்ஸ்.எல். கூடப் பத்தலை, உடம்பைக் குறைக்கணும்" என்று கடையில் கண் கலங்கும் பெண்பிள்ளைகள் குறைவார்கள். எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன்! இன்னொரு நாட்டில், இன்னொரு தலைமுறையில், தங்களைக் கணக்கில் சேர்க்காமலே போட்ட ஓர் எண்ணுக்காக இங்கே ஒரு பெண் தன் உடம்பைக் குறை சொல்லிக்கொள்கிறாள். எனக்கு இது ஆறவில்லை.

ஐரோப்பிய எண்களுக்கு ஒரு கணக்காவது உண்டு. ஜெர்மனியில் பெண்ணின் மார்புச் சுற்றைப் பாதியாக்கி ஆறைக் கழிப்பார்கள். 88 சென்டிமீட்டர் என்றால் பாதி 44, கழித்தால் 38. அதே உடம்புக்கு பிரெஞ்சுக்காரர் இரண்டு கூட்டி 40 என்பார்கள், இத்தாலியர் ஆறு கூட்டி 44 என்பார்கள். ஆகவே சட்டையில் வெறுமே 'ஐரோப்பிய 38' என்று இருந்தால், ஜெர்மானிய 38ஆ பிரெஞ்சு 38ஆ என்று கேட்டாக வேண்டும். இரண்டுக்கும் ஒரு முழு எண் வித்தியாசம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 13402 என்ற எண்ணில் ஒரு பொது ஐரோப்பியத் தரம் 2001 முதல் பகுதி பகுதியாக வந்தது. ஓர் ஆள் உருவம் வரைந்து, மார்பு இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று சென்டிமீட்டரில் எழுதச் சொல்கிறது. நல்ல முறை. ஆனால் பழைய எண்ணை விட மனம் வரவேண்டுமே.

எழுத்து அளவுகள் எல்லா ஊருக்கும் பொது என்று நினைப்பவர் ஏராளம். ஜப்பானியத் தரத்தில் ஆண்களுக்கு எம் என்றால் மார்பு 88 முதல் 96 சென்டிமீட்டர், எல் என்றால் 96 முதல் 104. அமெரிக்க எம் சாதாரணமாக 38 முதல் 40 அங்குலம், அதாவது 96.5 முதல் 101.6. ஆக அமெரிக்காவில் எம் போடுகிறவர் ஜப்பானில் எல். சீனத் துணியில் எழுத்தோடு 170/92ஏ என்பது போல ஒரு குறி இருக்கும். அதைத்தான் நம்ப வேண்டும். 170 உயரம், 92 மார்பு, இரண்டும் உடம்பின் சென்டிமீட்டர். ஏ என்பது மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசம். ஆண்களுக்கு 12 முதல் 16 சென்டிமீட்டர். வித்தியாசம் 7 முதல் 11 என்றால் பி, இன்னும் குறைந்தால் சி. நம்மில் அறுபதைத் தாண்டியவர்கள் சி என்ற எழுத்தைத் தேடுவது உத்தமம்.

எல்லா நாட்டுக்கும் தைக்கும் ஊர்

இத்தனை எண்களும் ஒன்றாகச் சேரும் இடம் நம் திருப்பூர். சரக்கு எடுக்கப் போகும்போதெல்லாம் நான் வியந்து பார்த்திருக்கிறேன். ஒரே கூரையின் கீழ், ஒரே மிஷினில், காலையில் இங்கிலாந்து 10 தைப்பார்கள், பிற்பகலில் ஜெர்மானிய 36 தைப்பார்கள். இரண்டும் ஒரே உடம்புக்கு. லேபிள்தான் வேறு. ஏற்றுமதியில் மிஞ்சியது லேபிள் வெட்டப்பட்டு மும்பை நடைபாதைக்கு வரும். இங்கே விற்கிற பையன் கையால் விரித்துப் பார்த்து, "உங்களுக்குச் சரியா இருக்கும் ஆண்ட்டி" என்று இந்தியிலோ மராத்தியிலோ சொல்வான். பெரும்பாலும் அவன் சொன்னது சரியாகவே இருக்கும். எண் இல்லாமல் ஆளைப் பார்த்து விற்கிறான் அல்லவா, பழைய தையற்காரர் மரபு.

திருப்பூருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நம் பனியனை எடுத்துப் பாருங்கள். 80, 85, 90, 95 என்று இருக்கும். அது மார்புச் சுற்று, சென்டிமீட்டரில். 1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்த பிறகு, கோட்டும் கால்சட்டையும் அங்குலத்திலேயே நின்றுவிட்டன. பனியன் மட்டும் மாறிவிட்டது. பட்டிக்காட்டுக் கிழவரும் "தொண்ணூறு குடு" என்று கேட்டு வாங்குகிறார். ஐரோப்பியர் இன்னும் ஒத்துக்கொள்ளாமல் தவிக்கும் முறை, நம் பனியனில் சத்தமில்லாமல் வழங்குகிறது.

செருப்பில் அந்தப் பேறு இல்லை. வெள்ளைக்காரன் 1947இல் போனான், அவன் பார்லி மணி போகவில்லை. நம் கால் அவர்கள் காலைவிட அகலம். நீளத்துக்குச் சரியாக எடுத்தால் பக்கம் இறுக்கும். பக்கத்துக்காக ஒரு எண் கூட்டி எடுத்தால் குதிகால் வழுக்கும். சுண்டு விரல் பக்கம் காய்ப்புக் காய்க்காதவர் நம்மில் எத்தனை பேர்? பள்ளிக்கூட ஷூவைக் கழற்றிய பிள்ளையின் காலைத் தாய்மார்கள் பார்த்திருப்பார்கள். இதை ஆராய்ந்தவர்கள் சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார். 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை, நாடு முழுவதும் 79 இடங்களில், ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தார்கள். அதிலிருந்து பிறந்த இந்திய அளவு முறைக்கு 'பா' என்று பெயர், பாரதத்தின் முதல் எழுத்து. கைக்குழந்தை முதல் பெரியவர் வரை எட்டுப் பிரிவுகள் வகுத்துப் பரிந்துரைத்தார்கள். ஆடைக்கும் இவ்வாறே இந்திய அளவு காண, தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமும் ஜவுளி அமைச்சகமும் 2018இல் ஒரு திட்டம் அறிவித்தன. ஆறு நகரங்களில் 25,000 பேரை அளப்பது நோக்கம். அமெரிக்கா 1939இல் செய்த வேலையை எண்பது ஆண்டு கழித்து நாம் கையில் எடுத்திருக்கிறோம். தாமதம்தான், ஆனால் இந்த முறை அளக்கப்படுவது நம் உடம்பு.

அதுவரை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் என்ன செய்வது? நான் என் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். எண்ணை எண்ணாக மாற்றுவதே இல்லை. உடம்பைச் சென்டிமீட்டரில் வைத்துக்கொண்டு, விற்கிறவர் போட்டிருக்கும் சென்டிமீட்டரோடு ஒப்பிடுவது. அதிலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: போட்டிருப்பது உடம்பின் அளவா, துணியின் அளவா? மார்பு 100 என்று துணிக்குப் போட்டிருந்தால் 100 மார்புள்ளவருக்கு அது ஒட்டிப் பிடிக்கும். சட்டைக்கு எட்டுப் பத்து சென்டிமீட்டர் தளர்வு வேண்டும். நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைப் பாயில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து இரட்டித்து வைத்துக்கொண்டால், எந்த நாட்டுத் துணிக்கும் அதுவே உரைகல். ரவிக்கையை அளவுக்குக் கொடுத்த நம் பாட்டிமார் முறைதான் இது.

காலுக்கு, மாலை வேளையில் அளவு எடுங்கள். பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், அதுதான் ஷூ தாங்க வேண்டிய கால். சுவரை ஒட்டி ஒரு காகிதம் போட்டு, குதிகாலைச் சுவரில் முட்டி, உடம்புப் பாரத்தை அந்தக் காலில் வைத்து நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் கொஞ்சம் குறையும். எந்த விரல் நீளமோ அந்த முனையில் கோடு. சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீளம். அகலமான இடத்திலும் இரு பக்கம் கோடு. இரண்டு காலும் ஒன்றாக இருப்பது அரிது, பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்புவதற்கு முன் இந்த இரண்டு எண்களையும் எழுதிக் கேட்டால் நேர்மையான விற்பனையாளர் பதில் சொல்வார். சுங்க வரி கட்டி வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்புவதற்கு இது மலிவு.

எங்கள் வீட்டில் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குடும்பத்தார் அளவுகளை எழுதி வைத்திருக்கிறோம்: உயரம், மார்பு, இடுப்பு, பாத நீளம், பாத அகலம், எல்லாம் சென்டிமீட்டரில், பக்கத்தில் அளந்த தேதி. பெரியவர்கள் வரிசை பேனாவில் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் வரிசையை மட்டும் பென்சிலால் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழித்து எழுதுகிறோம்.